எண்ணிக் காட்டினால்தான் எழுதுவேன்

ஒரு கிரயப் பத்திரத்துக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று தாளில் ஏறுவது, மற்றொன்று கை மாறுவது. 1970-களில் என் அப்பா பத்திர எழுத்தராக இருந்தபோது எங்கள் பக்கத்தில் இதை யாரும் தவறாக நினைத்ததில்லை. விலையைக் குறைத்துக் காட்டினால் முத்திரைத் தீர்வை மிச்சம். பணம் எங்கிருந்து வந்தது என்று வாங்குகிறவரை யாரும் கேட்கப்போவதில்லை, விற்கிறவருக்கு வரித் தொல்லை இல்லை. 1967-லேயே முத்திரைச் சட்டத்தில் 47-ஏ பிரிவைச் சேர்த்து, விலை குறைவாகத் தெரிந்தால் ஆட்சியரின் விசாரணைக்கு அனுப்பலாம் என்று அரசு வழி செய்திருந்தது. அந்தப் பிரிவைத் தாண்டிப் போகவும் ஒரு வழி இருந்தது. அதற்கு மாமூல் என்று பெயர்.

திருநெல்வேலிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், சார்பதிவாளர் அலுவலகத்துத் தாழ்வாரத்தில் அப்பாவின் சாய்வு மேசை இருந்தது. முத்திரைத்தாளில் கையால் எழுதிய காலம். சர்வே எண், நான்கு எல்லை, தாய்ப் பத்திரத்தின் எண், வருஷம் எல்லாம் எழுதி முடித்துவிட்டு, கிரயத் தொகை வரவேண்டிய இடத்தை மட்டும் வெறுமையாக விட்டுவைப்பார். பிறகு பேனாவை மூடிவிட்டு, “எண்ணிக் காட்டுங்க, எழுதுறேன்” என்பார். வாங்குகிறவர் பணத்தை மேசைமேல் வைக்க வேண்டும். விற்கிறவர் தன் கையால் எண்ணி மடியில் கட்டிக்கொள்ள வேண்டும். அதன்பிறகே அந்த இடத்தில் எண்ணாலும் எழுத்தாலும் தொகை ஏறும். விற்கிறவர் கைநாட்டு ஆளாக இருந்தால் அப்பா இரண்டாம் முறை எண்ணச் சொல்வார்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம் இருந்தது. தொழில் பழகிய நாட்களில் பெரிய எழுத்தர் ஒருவரிடம் அப்பா கையாளாக இருந்தார். கணவனை இழந்த ஒரு பனையேறிக் குடும்பத்துப் பெண் தன் விளை நிலத்தை விற்க வந்தார். பேசிய விலை ஒன்பதாயிரம், பத்திரத்தில் மூவாயிரம். மீதியை வெளியே வந்ததும் தருவதாகச் சொன்னவர் தரவில்லை. அந்த அம்மா பத்திரத்தை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போனார். கிரயத் தொகை முழுவதையும் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டதாக அதில் எழுதி, கீழே அவருடைய கைநாட்டும் இருந்தது. தான் ஒப்புக்கொடுத்த எழுத்துக்கு எதிராக வாய்ப்பேச்சை வைத்து வழக்காடுவது கடினம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். அந்த அம்மா திரும்பவும் ரிஜிஸ்தர் ஆபீஸுக்கு வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். முதலாளி எழுத்தரை ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவைப் பார்த்து, “தம்பி, நீதானே எழுதின?” என்றாராம். சொன்னதை எழுதியவர் அப்பாதான்.

வரி ஏய்ப்பு திருட்டா இல்லையா என்று எங்கள் கிறிஸ்தவ சபையில் வாதம் நடந்தால் அப்பா கலந்துகொள்ளமாட்டார். அவருக்கு அது எட்டாம் கட்டளை சம்பந்தப்பட்டது இல்லை, ஒன்பதாவது. பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி எழுதுவது. அந்தப் பிறன் யார் என்று அவருக்குத் தெரியும். அவர் எந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்தார் என்பதும் தெரியும்.

தனியாக மேசை போட்டதும் தொழில் படுத்துவிட்டது. விலையை இருக்கிறபடி எழுதுகிறவரிடம் யார் வருவார்கள்? பாகப் பிரிவினை, தானப் பத்திரம், ஒத்தி, விடுதலைப் பத்திரம் என்று விலை மறைக்க வேண்டியில்லாத வேலைகள்தான் அதிகம் வந்தன. அதிலும் ‘ஆபீஸ் செலவு’ என்று கட்சிக்காரரிடம் வாங்கி உள்ளே கொடுக்கமாட்டார். அதனால் அவர் கொண்டுபோகிற பத்திரம் மாலை விளக்கேற்றுகிற நேரத்துக்குத்தான் கூப்பிடப்படும். தாழ்வாரத்தில் அவருக்கு அரிச்சந்திரன் என்று பெயர். அரிச்சந்திரன் பிழைத்தது சுடுகாட்டில் என்று ஞாபகப்படுத்தவும் ஆட்கள் இருந்தார்கள்.

அவருக்கு அந்த அலுவலகத்தில் துணையாக நின்றவர் கிறிஸ்தவர் இல்லை. நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒரு சார்பதிவாளர் சில வருஷம் அங்கே இருந்தார். காப்பிகூடத் தன் காசில் குடிப்பார். அவர் இருந்தவரை அப்பாவின் பத்திரங்கள் வரிசைப்படி பதிவாயின. எங்கள் சபைக் கோயில் கமிட்டியில் இருந்த ஆட்கள் சிலர் அதே அலுவலகத்தில் என்ன செய்தார்கள் என்று அப்பாவுக்குத் தெரியும். நேர்மையை நம் சபையின் தனிச் சொத்தாகப் பேசுகிறவர்களை அதனால்தான் இன்றைக்கும் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடிவதில்லை.

பிறகு கோயிலே நிலம் வாங்க வந்தது. ஆலயத்தை ஒட்டிய காலி மனை. கட்டட நிதியை ஸ்தோத்திரப் பண்டிகைக் காணிக்கையிலும் கைப்பிடி அரிசியிலும் சேர்த்திருந்தார்கள். பாதி விலை காட்டினால் மிச்சமாகிற தீர்வையில் சன்னல் கதவெல்லாம் போட்டுவிடலாம் என்று பொருளாளர் கணக்குச் சொன்னார். “ஏழைங்க கொடுத்த காசு. அதைக் கவர்மெண்டுக்குக் கொண்டு கொட்டணுமா?” என்று கேட்டார். அவரும் நல்ல மனுஷர்தான். அப்பா எழுதமுடியாது என்றார். வேறு எழுத்தரிடம் போகலாம் என்று கமிட்டியில் பேச்சு வந்தது. விஷயம் சபைக் குருவான ஐயரிடம் போயிற்று.

ஐயர் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் வீட்டுக்கே வந்து திண்ணையில் உட்கார்ந்து, எவ்வளவு கூடுதல் ஆகும் என்று அப்பாவிடம் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அந்தத் தொகையை அப்படியே வாசித்தார். நிலத்தை முழு விலைக்குப் பதியப்போகிறோம், அதற்கு இவ்வளவு குறைகிறது, கொடுங்கள் என்றார். சன்னல் இரண்டு வருஷம் ஓலைத்தட்டியாக இருந்தது. அதோடு அவர் இன்னொன்றும் செய்தார். கோயிலின் பழைய ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகள் செல்லரித்துக்கொண்டிருந்தன. அவற்றைப் புதுப் பேரேட்டில் பெயர்த்து எழுதும் வேலையை அப்பாவுக்குக் கொடுத்து, பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வைத்தார். எங்கள் வீட்டில் என்ன வேகிறது, என்ன வேகவில்லை என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கூலியில்தான் நான் பள்ளி இறுதி வகுப்பு முடித்தேன்.

என்ன வேகவில்லை என்பதை நானும் சொல்லவேண்டும், ஏனென்றால் அப்பாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. அம்மா ஓலைப் பெட்டி முடைந்து சந்தைக்கு அனுப்பினாள். முடைந்து முடைந்து விரல் நுனியெல்லாம் கீறல், உப்புப் போட்டுச் சோறு பிசையும்போது முகம் சுளிப்பாள். அவள் தாலிச் செயின் இரண்டு தடவை அடகுக்குப் போனது. இரண்டாம் தடவை மீளவில்லை, அதன்பிறகு மஞ்சள் கயிறுதான். ஒரு ராத்திரி, நாங்கள் தூங்கிவிட்டதாக நினைத்து, “உங்க மனசாட்சிக்குப் பிள்ளைங்க பட்டினி கிடக்கணுமாங்க?” என்று கேட்டாள். அப்பா பதில் சொல்லவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது எங்களிடம் அவள், “அப்பாவை யாராவது கேலி பண்ணினா நின்னு கேளுங்க, ஓடி வராதீங்க” என்றாள். இரண்டையும் சொன்னவள் ஒருத்திதான். அப்பாவின் நேர்மைக்குப் பெரிய பங்கு விலை கட்டியவள் அவள். அந்த நேர்மையைத் தேர்ந்தெடுக்க அவளை யாரும் கேட்கவில்லை.

அப்பா 1998-ல் காலமானார். சில வருஷம் கழித்து, எங்கள் ஊர் வழியாகக் கன்னியாகுமரிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலையை நான்கு வழியாக்க நிலம் எடுத்தார்கள். இழப்பீட்டுக்கு அடிப்படை அக்கம்பக்கத்துக் கிரயப் பத்திரங்களில் பதிவான விலை. முப்பது வருஷமாக எல்லோரும் குறைத்தே எழுதியிருந்தார்கள். ஆளாளுக்குத் தாங்கள் கொடுத்த விலையைச் சொல்லிப் பார்த்தார்கள். அதிகாரிகள் பத்திரத்தைக் காட்டினார்கள். அப்போதுதான் அப்பா எழுதிய பத்திரங்களைத் தேட ஆரம்பித்தார்கள். பத்திரத்தின் முடிவில் எழுதியவர் பெயர் இருக்கும். அந்தப் பெயரைப் பார்த்து நகல் மனு போட்டார்கள். அரிச்சந்திரன் என்று கூப்பிட்டவர்களின் பிள்ளைகள் எங்கள் வீட்டுக்கு வந்து, “மாமா எழுதின பத்திரம் ஏதும் பரண்ல கிடக்கா?” என்று கேட்டார்கள். தம்பி பரணில் ஏறி அப்பாவின் குறிப்பேடுகளை இறக்கிக் கொடுத்தான். இழப்பீட்டை உயர்த்தக் கேட்டுப் போன மனுக்களில் அந்தப் பத்திரங்களும் சேர்ந்தன.

இந்தக் கதை சபைக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது. பிரசங்கங்களில் வந்தது. நேர்மையாய் இருந்தவனைக் கர்த்தர் உயர்த்தினார் என்று முடிப்பார்கள். ஒரு ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையில் அப்பா பெயரில் கல்வெட்டும் வைத்தார்கள். எனக்கு இதில் சம்மதமில்லை. இழப்பீடு கூடியது குறைத்து எழுதியவர்களுக்கு. அப்பா அதற்காக எழுதவும் இல்லை, அதைப் பார்க்கவும் இல்லை. நெடுஞ்சாலை வேறு பக்கமாகப் போயிருந்தால் அவர் செய்தது வீண் என்று ஆகிவிடுமா? பலனைக் காட்டி நேர்மையைப் போதித்தால், பலன் கிடைக்காத முதல் நாளிலேயே பிள்ளைகள் அதைக் கைவிட்டுவிடுவார்கள். ஓலைத்தட்டி வைத்த சன்னலைப் பற்றி ஒருவரும் பிரசங்கம் செய்வதில்லை. ஐயர் கூலி கொடுத்ததும் யாருக்கும் நினைவில் இல்லை. அன்றைக்குச் சபை செய்தது அதுதான்: ஒரு ஆள் தனியாகக் கட்டிக்கொண்டிருந்த விலையில் தன் பங்கைப் போட்டது.

போன வருஷம் அப்பாவின் வீட்டை விற்றோம். தம்பி சென்னையில் இருக்கிறான், நான் ஆசிரியை வேலையில் ஓய்வு பெற்றவள். வேலை என் பொறுப்பில் விழுந்தது. அறுபது லட்சம் விலை வந்தது. அரசின் வழிகாட்டி மதிப்புப்படி முப்பத்தைந்து. இப்போது முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். முப்பத்தைந்துக்குப் பதிந்தால் வாங்குகிறவருக்கு இரண்டேகால் லட்சம் மிச்சம். முதலில் வந்தவர் இதைத்தான் கேட்டார். முப்பத்தைந்து பேங்க் வழியாக, மீதி கையில். அவர் எங்கள் சபைச் சேகரத்தில் பொறுப்பில் இருப்பவர். பண்டிகைக் கூட்டத்தில் அப்பாவைப் பற்றிக் கண் கலங்கப் பேசியவர். “உங்க அப்பா மாதிரி ஆளு இனிமே பிறக்கணும் டீச்சர்” என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் ரொக்கத்தை எங்கே வந்து எண்ணிக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். அவர் நடிக்கவில்லை. இரண்டையும் மனசாரத்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்து வந்தது ஒரு இளம் ஜோடி, இருவரும் ஐ.டி. வேலை, எங்கள் வாலிபர் கூட்டத்தில் பாட்டு நடத்துகிறவர்கள். அவர்கள் கேட்டது நேர் எதிர். விலையைக் கூட்டி எழுபத்தைந்தாக எழுத வேண்டும். அந்த அளவு வீட்டுக்கடனுக்கு வங்கி மதிப்பில் 80 சதவீதம்வரை தரலாம். எழுபத்தைந்தில் 80 சதவீதம் அறுபது, அதாவது வீட்டின் முழு விலையும் கடனாகவே வந்துவிடும். “பதினஞ்சு லட்சத்தை உங்க அக்கவுண்ட்ல போட்ட மாதிரி காட்டிட்டு, நீங்க திருப்பி அனுப்பிருங்க ஆன்ட்டி. எல்லாரும் செய்றதுதான்.” கூடுதல் தீர்வையைத் தாங்களே கட்டுவதாகச் சொன்னார்கள், அதனால் அரசுக்கு நஷ்டமில்லை, அதனால் பாவமுமில்லை. அப்பாவின் காலத்தில் குறைத்து எழுதச் சொல்லிக் கெஞ்சினார்கள். என் காலத்தில் கூட்டி எழுதச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள். இரண்டிலும் நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதி, என் கையெழுத்தைக் கேட்கிறார்கள்.

கடைசியில் ஐம்பத்து நான்குக்கு வாங்கியவர் பக்கத்து ஊர் மளிகைக் கடைக்காரர், முருக பக்தர். மொத்தமும் வங்கி வழியாக. ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட சொத்து என்பதால் ஒரு சதவீதத்தைப் பிடித்து வருமான வரிக்குக் கட்டி, ரசீதையும் தந்தார். “எனக்கு ராத்திரி தூக்கம் முக்கியம்மா” என்றார்.

பதிவு அலுவலகம் அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. தாழ்வாரம் இல்லை, குளிரூட்டிய கூடம். டோக்கனும் கட்டணமும் ஆன்லைனில். கேமராவைப் பார்த்து உட்கார்ந்தால் படம் பிடிக்கிறார்கள், விரலை வைத்தால் ஆதாரோடு ஒத்துப்பார்க்கிறார்கள். சுவரில் லஞ்சம் கொடுப்பதும் குற்றம் என்று பலகை. 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து கொடுத்தவரும் தண்டனைக்கு உரியவர்தான், கட்டாயத்தால் கொடுத்திருந்தால் ஏழு நாளுக்குள் புகார் செய்தாக வேண்டும். அந்தப் பலகைக்குக் கீழே நின்றுதான் எங்கள் பத்திர எழுத்தர் கணக்குச் சொன்னார்: “ரசீது வர்றது இவ்வளவு டீச்சர், ரசீது வராதது இவ்வளவு.”

ரசீது வராததைக் கொடுக்கமாட்டேன் என்றேன். டோக்கன் நேரம் தாண்டிற்று. தாய்ப் பத்திரத்தில் தெற்கு எல்லை தெளிவில்லை என்று காகிதம் திரும்பி வந்தது. அந்தத் தாய்ப் பத்திரம் அப்பா கையால் எழுதியது, எல்லையில் சந்தேகமே இல்லை. மத்தியானம் ஆயிற்று. கடைக்காரர் தன் வயதான அப்பாவையும் சாட்சிக்கு அழைத்துவந்திருந்தார். பெரியவருக்குச் சர்க்கரை, நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். என் பிடிவாதத்துக்கு அவர் நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். நான் வெளியே ஓடி இட்லி வாங்கி வந்தேன். அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் ராத்திரிக் கேள்விதான் காதில் கேட்டது.

பிறகு உள்ளே போய், பதிய மறுத்தால் பதிவுச் சட்டம் 71-ம் பிரிவின்படி காரணத்தை 2-ம் புத்தகத்தில் எழுதி, அதன் நகலைத் தாருங்கள் என்று கேட்டேன். அப்பாவிடம் பல தடவை கேட்ட வாக்கியம். அங்கிருந்த இளைஞருக்கு அந்தப் புத்தகம் இருப்பதே தெரியவில்லை. யாரையோ கேட்டுவிட்டு வந்தார். நாலரை மணிக்குக் கூப்பிட்டார்கள். எனக்குப் பின்னால் நின்றிருந்த கட்டடத் தொழிலாளி ஒருவர் ரசீது வராததைக் கொடுத்துவிட்டு எனக்கு முன்பே முடித்துக்கொண்டு போய்விட்டார். ஒருநாள் கூலி போனால் அவர் வீட்டில் அடுப்பெரியாது. 71-ம் பிரிவு அவருக்குத் தெரியாது, எனக்கு ஓய்வூதியம் வருகிறது. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த வழக்கத்தால் தினமும் மிதிபடுகிறவர் அவர்தான். அவரோடு போய் நிற்க ஒரு ஆள் இருந்திருந்தால் அவர் வேறு மாதிரி செய்திருக்கலாம்.

விற்ற விலை பேசிய விலையைவிட ஆறு லட்சம் குறைவு. தம்பிக்குக் கோபம். “அக்கா, உன் சாட்சியைக் காப்பாத்த என் மூணு லட்சமா?” என்று போனில் கேட்டான். ஏய்த்துக் கிடைத்திருக்கும் பணத்தில் யாருக்கும் உரிமையில்லை என்று வாதாடியிருக்கலாம், அது நியாயமும்தான். ஆனால் எனக்குக் கேட்டது அம்மாவின் கேள்வி. வேதத்தில் வரும் சகேயு தன் ஆஸ்தியிலிருந்துதான் கொடுத்தான், தம்பியின் பங்கிலிருந்து இல்லை. அவனுக்கு முப்பதை அனுப்பிவிட்டு இருபத்து நான்கை நான் வைத்துக்கொண்டேன். என் விலை, நான் கட்டுகிறேன். அவன் வாங்கிக்கொண்டான்.

இதைச் சேகரக் கமிட்டியில் சொன்னேன். கல்வெட்டு போதும், ஆள் வேண்டும் என்று கேட்டேன். லஞ்சம் கொடுக்கமாட்டேன் என்று சொல்கிற ஏழைக் குடும்பத்தோடு அலுவலகத்துக்குப் போய் நிற்க, அன்றைய கூலி இழப்பைக் கொடுக்க, மனு எழுதித்தர சபையில் ஒரு ஏற்பாடு வேண்டும். எந்த மதத்துக்காரர் வந்து கேட்டாலும். முதலில் வீடு கேட்டு வந்தவர் எழுந்து, இதெல்லாம் ஆவிக்குரிய வேலையா என்று கேட்டார். இப்போதைய ஐயர் தீர்மானமாக எழுதவில்லை, தடுக்கவும் இல்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து மூன்று பேர் கை தூக்கினார்கள். வாலிபர் கூட்டத்தில் பாட்டு நடத்துகிற அந்தப் பெண், ஆன்லைன் விண்ணப்பங்களைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். அவர்கள் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள்.

இப்போது கையில் இருப்பது ஒரு வாரிசுச் சான்றிதழ் மனு. பீடி சுற்றுகிற ஒரு பெண், கணவர் போன வருஷம் பனையிலிருந்து விழுந்து இறந்தார். சான்றிதழ் வந்தால்தான் அரைக்கால் ஏக்கர் விளைக்குப் பட்டா மாற்ற முடியும். விசாரணைக்கு வரவே இரண்டாயிரம் கேட்கிறார்கள். அவள் கொடுக்கவில்லை. மனு எண், ஒப்புகைச் சீட்டு, விண்ணப்பித்த தேதி எல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறோம். திங்கட்கிழமை காலை தாலுகா ஆபீஸ் திறக்கும்போது அவளோடு நாங்கள் மூன்று பேர் போகிறோம். அன்றைக்கு அவள் சுற்றியிருக்கும் பீடிக்கான கூலியைச் சங்கத்திலிருந்து முன்கூட்டியே கொடுத்தாகிவிட்டது.